வேகாமல் போன அறுபது தகடுகள்

பென்னி,

போன மாதம் நீயும் ஸ்டெல்லாவும் கூடத்தில் உட்கார்ந்து, உங்கள் கல்யாணப் பத்திரிகை யார் யாருக்கு வைக்க வேண்டும் என்று பெயர் எழுதினீர்கள். எழுதி முடித்ததும் நீ சத்தமாக வாசித்தாய். தேவனாம்பட்டினம் என்பதற்குக் கீழே தெய்வானை அத்தை என்று ஒரு பெயர் வந்தது. அடுப்படியிலிருந்து நான் ஈரக் கையோடு வந்து, உன் பேனாவை வாங்கி அந்தப் பெயரை அடித்தேன். "ஏம்மா? சின்ன வயசுல எத்தன நாளு எனக்கு சோறு போட்டிருக்காங்க" என்று கேட்டாய். "அவ வர மாட்டா, விடு" என்றேன். ஸ்டெல்லா பக்கத்தில் இருந்ததால் நீ மேலே எதுவும் கேட்கவில்லை. அன்று நீ கேட்காமல் விட்ட கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

நேரில் சொல்லலாமே என்று நினைப்பாய். இரண்டு தடவை தனியாகச் சொல்லிப் பார்த்தேன். உன் முகத்தை நினைத்துச் சொல்லும்போதே என்னை அறியாமலே நடந்ததைக் குறைத்துச் சொல்கிறேன். என் பக்கத்தை நல்லதாகத் திருப்பிவிடுகிறேன். காகிதத்தில் எழுதினால் மறுபடி படித்துப் பார்த்து, பொய்யாகத் தெரிவதை அடிக்க முடிகிறது. கல்யாணம் முடிந்ததும் ஓசூர் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து பட்டறையை எடுத்து நடத்துவதாகச் சொல்லியிருக்கிறாய். என் வலது தோள் இனிமேல் சூட்டோடு படம் பதிக்கிற ஹீட் பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்து அழுத்தாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். நீ எடுத்துக்கொள்ளும் முன் அந்தப் பட்டறை எதன்மேல் நின்றது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

தெய்வானையை உனக்கு மீன் வறுத்துக் கொடுத்த அத்தையாகத்தான் தெரியும். சுனாமிக்குப் பிறகு அவள் புருஷன் மறுபடியும் படகு ஏறினான். இவளுக்கு மட்டும் கரைப் பக்கம் நின்று வேலை பார்க்க மனசு வரவில்லை. ஊருக்குள் ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அப்போது நான் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில், ஒரே ஒரு ஹீட் பிரஸ்ஸை வைத்துக்கொண்டு பனியனிலும் காபி கோப்பையிலும் படம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் அலுமினியப் பெயர்ப்பலகை நான்கைக் கொண்டுவந்து, அவர் கடையின் லோகோவை மூன்று வண்ணத்தில் அதன்மேல் போட முடியுமா என்று கேட்டார். கோப்பைக்குச் செய்கிற மாதிரியே காகிதத்தில் அச்சடித்து, மேலே வைத்து அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் அவ்வளவு அழகு. தெய்வானை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டினாள். நீலம் அப்படியே உரிந்து வந்தது.

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அவள் விடவில்லை. தொழிற்பேட்டையில் அந்தப் பலகைகளுக்கு அனோடைசிங் செய்து மேல்தோல் ஏற்றியவரிடம் நாலு நாள் போய் நின்று, அவர் ஒவ்வொரு தொட்டியிலும் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு வந்தாள். "கடைசித் தொட்டியில போட்டு வேக வெச்சிடறாருக்கா. அதுக்கப்புறம் கலரு உள்ள போவறதுக்கு வழி இல்ல. வேக வெக்கறதுக்கு முன்னாடியே தகட்ட வாங்கிக்கணும்" என்றாள். நீ இன்ஜினியரிங் படித்தவன், உனக்கு இது பாடம். எங்களுக்கு அவள் சொல்லித்தான் தெரிந்தது. அமிலத் தொட்டியில் மின்சாரம் கொடுத்தால் அலுமினியத்தின்மேல் கெட்டியாக ஒரு தோல் வளர்கிறது, அந்தத் தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். காகிதத்தில் லோகோவை இடவலம் மாற்றி அச்சடித்து, சூட்டோடு அழுத்தினால் மை ஆவியாகி அந்தத் துளைக்குள் இறங்குகிறது. அதற்குப் பிறகுதான் கொதிக்கிற தண்ணீரில் அரைமணி நேரம் போட வேண்டும். தோல் உப்பித் துளைகள் மூடிக்கொள்ளும், உள்ளே போன வண்ணம் வெளியே வராது. இதைச் சீலிங் என்பார்கள். நாங்கள் இருவரும் வேகவைக்கிறது என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பிற்பாடு சொந்தமாகத் தொட்டிகள் வைத்துக்கொண்டு பட்டறை என்று ஒன்றை ஆரம்பித்தபோது, தொட்டி வேலை முழுவதும் அவள் கையில்தான் இருந்தது. பிரஸ் என் கையில்.

நீ பத்தாம் வகுப்பு படித்த வருடம் சிதம்பரத்திலிருந்து வரதராஜன் என்பவர் வந்தார். மண்டபம், பள்ளிக்கூடம், அரிசி மில் இப்படிப்பட்ட இடங்களுக்கு ஜெனரேட்டர் வைத்துக் கொடுக்கிறவர். கரண்ட் போனால் வெளி லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற பெரிய கைப்பிடி சுவிட்சு இருக்கும் அல்லவா, அதைச் சுற்றி வைக்க வட்டமான அலுமினியத் தகடு அறுபது வேண்டும் என்றார். நடுவில் அவர் கம்பெனி லோகோ, நீலமும் ஆரஞ்சுமாக. சுற்றிலும் மூன்று இடம்: பச்சையில் லைன், கறுப்பில் நிறுத்தம், சிவப்பில் ஜெனரேட்டர். பெயிண்ட் அடித்தால் உரிந்துவிடுகிறது, ஸ்டிக்கர் ஒரு மழைக்குக்கூட நிற்பதில்லை, அதனால்தான் உங்களிடம் வந்தேன் என்றார். அதுவரை எனக்கு வந்ததிலேயே பெரிய வேலை அது. வெள்ளிக்கிழமைக்குள் தருகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டேன். மறுநாள் சனிக்கிழமை கோவிலில் உனக்கு உறுதிபூசுதல். ஆயரே வந்து தலையில் கை வைத்துக் கொடுக்கிற அருட்சாதனம், வாழ்க்கையில் ஒரு தடவைதான். வேலையை முடித்துவிட்டு, பட்டறை நினைப்பே இல்லாமல் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதைச் சொல்வதால் உன்மேல் ஒரு பொட்டுப் பழிகூட வந்துவிடக் கூடாது. நீ எதுவும் கேட்கவில்லை. ஆசை என்னுடையது.

புதன்கிழமை கடைசித் தொட்டியின் ஹீட்டர் எரிந்துபோனது. புதிது சென்னையிலிருந்து வர நாலு நாள் ஆகும் என்றார்கள். அறுபது தகடும் அச்சாகி, வண்ணம் இறங்கி, வரிசையாகக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் வீட்டிலிருந்து பெரிய அண்டாவையும் கேஸ் அடுப்பையும் கொண்டுபோய், தண்ணீர் சுட வைத்து, பத்துப் பத்தாக முக்கி எடுக்கச் சொன்னேன். பத்துத் தகடு உள்ளே போனதும் தண்ணீர் அடங்கிவிட்டது, கொதி திரும்பவே இல்லை. தெய்வானை இரண்டு தடவை சொன்னாள், "அக்கா, இது வெறும் வெந்நி. குளிக்கத்தான் ஆவும்" என்று. நான் காது கொடுக்கவில்லை. வியாழன் மத்தியானம் அவள் ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கி ஒரு தகட்டின்மேல் நாலு தேய் தேய்த்து, துணியை விரித்து என்னிடம் காட்டினாள். சிவப்பு இருந்த இடம் ரோஸ் கலரில் துணியில் இறங்கியிருந்தது.

"பாரு. கையில வருது. வெயில்லயும் மழயிலயும் எத்தன மாசம் நிக்கும்? அவருக்கு ஒரு போன் போட்டு நாலு நாள் ஆவும்னு சொல்லுக்கா. என்னா கொன்னா போடுவாரு?"

"துணிய தூக்கிப் போடு. தேய்க்காத. துடச்சி பேக் பண்ணு."

"நாளைக்கு அழிஞ்சி வந்தா?"

"வந்தா நான் பாத்துக்கறேன். சொல்றத செய்."

அவள் செய்தாள். வெள்ளி காலையில் அட்டைப் பெட்டிகளைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றினோம். சனிக்கிழமை உன் தலையில் ஆயர் கை வைத்தபோது நான் முன்வரிசையில் இருந்தேன். அன்றைக்கு எடுத்த போட்டோவில் நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன். அந்த நேரத்தில் எனக்குத் தகடுகளின் நினைப்பே வரவில்லை, அதுதான் உண்மை.

எட்டு மாதம் கழித்து வரதராஜன் போன் செய்தார். சிதம்பரத்தில் ஒரு மண்டபம், அங்கே சுவிட்சு பின்சுவரில், வெயிலும் சாரலும் படுகிற இடத்தில் இருந்திருக்கிறது. மழைக்காலம் முடிவதற்குள் தகட்டில் லோகோவும் இல்லை, எழுத்தும் இல்லை, வெறும் வெள்ளை அலுமினியம். வாட்ச்மேன் ஞாபகத்திலிருந்து மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். ஜெனரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தம் என்று எழுதிவிட்டார். ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள், பந்தி நடக்கிற கூடத்தில் விளக்கு எரியவில்லை என்று குமரவேல் என்கிற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்போது கரண்ட் இல்லை. அவர் கைப்பிடியை நிறுத்தம் என்று எழுதியிருந்த பக்கம் தள்ளிவிட்டு, ஏணியில் ஏறிக் கம்பியைப் பிரித்திருக்கிறார். சுவிட்சு நிறுத்தத்தில்தானே இருக்கிறது என்று, சாயங்காலத்துக்கு ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்க வாட்ச்மேன் ஸ்டார்ட் செய்திருக்கிறார். மொத்தக் கரண்டும் குமரவேலின் வலது கை வழியாகப் போய்விட்டது. உயிர் பிழைத்தார். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் வரதராஜன் அந்த வெற்றுத் தகட்டோடு பட்டறைக்கே வந்தார். மேஜைமேல் வைத்தார். "என்னாம்மா இது? பத்து வருசம் நிக்கும்னு சொன்னீங்க. எட்டு மாசத்துல ஒண்ணுமே இல்ல. யாரு இத பாத்தது?" தெய்வானை தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கைகளில் ரப்பர் உறை. நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தொட்டி வேல அவதான் சார் பாக்கறா. கடைசி பத்து தகட்ட சரியா வேக வெக்காம எடுத்துட்டாப்பல இருக்கு" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பொய். அவள்மேல் போட்டது முதல் பொய். பத்து என்று சொன்னது இரண்டாவது. அறுபதும் அப்படித்தான் போயிருந்தன, எனக்குத் தெரியும். அறுபது என்று சொன்னால் அது ஒரு வேலைக்காரியின் கவனக்குறைவாகத் தெரியாது, பட்டறையே செய்த காரியம் என்று தெரிந்துவிடும். அதனால் பத்து என்று சொன்னேன். அவர் நம்பினார். பார்வைக்கு வெளுத்துத் தெரிந்த பத்தை மட்டும் மாற்றச் சொன்னார், நானும் நன்றாக வேகவைத்துப் புதிதாகக் கொடுத்தேன். மீதி ஐம்பது அந்தந்தச் சுவரிலேயே இருந்தன.

தெய்வானை உறையைக் கழற்றி, கையைக் கழுவிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்தாள். வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். நான் கூப்பிடுவேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. நான் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. "தெய்வானை அத்த எங்கம்மா?" என்று நீ கேட்டாய். வேறு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்றேன். கொஞ்ச நாளில் புதுச்சேரியில் ஒரு அனோடைசிங் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவள் அங்கே வேலை கேட்டிருக்கிறாள், எங்களிடம் இருந்ததாகச் சொல்கிறாள், எப்படி என்று விசாரித்தார்கள். நான் கெட்டதாக எதுவும் சொல்லவில்லை, நல்லதாகவும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர், "சரி, புரியுதுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கோவிலில் இதைப் பாவசங்கீர்த்தனமாகச் சொன்னேன். பங்குச்சாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தம்மாகிட்ட போய் சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன். "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றார். நான் போகவில்லை. அடுத்த தடவையிலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்கு வேறு பங்குக் கோவிலுக்குப் போக ஆரம்பித்தேன். மஞ்சக்குப்பத்தில் உனக்கு என்ன வேலை, பஸ் ஏறிப் போய்ப் பூசை பார்க்கிறாயே என்று உன் அப்பா கேட்பார். அங்கே பாட்டு நன்றாக இருக்கிறது என்பேன். வரதராஜனின் வேலை வருடா வருடம் வந்துகொண்டிருந்தது. பட்டறை அதில்தான் நின்றது. நீ கல்லூரி முடித்தாய். நான் ஒழுங்கானவள் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். அதன்பிறகு ஒரு தகட்டைக்கூட வேகவைக்காமல் வெளியே அனுப்பியதில்லை, அது ஒன்றே போதும் என்று நினைத்தேன்.

அன்று உன் பேனாவை வாங்கி அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவளைப் பட்டறையிலிருந்து அனுப்பினேன், இப்போது உன் கல்யாணத்திலிருந்தும் அனுப்புகிறேன் என்று பட்டது. மூன்றாம் நாள் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "வா, தேவனாம்பட்டினத்துக்கு வண்டியில கொண்டுபோய் விடறேன்" என்றார்.

தெய்வானை இப்போது சாலையோரத்தில் குடை நட்டு, மேஜை போட்டு மீன் வெட்டிக் கொடுக்கிறாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கத்தியை வைக்காமலே, "என்னாக்கா, இம்மா தூரம்?" என்றாள். உனக்குக் கல்யாணம் என்றேன். "சந்தோஷம். நல்லா இருக்கட்டும்" என்றாள். பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்பு என்ற வார்த்தைக்கு வந்தபோதுதான் நிமிர்ந்தாள்.

"எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? நான்தான அங்க நின்னேன், எனக்குத் தெரியுமே. தெரியாதவங்க இருக்காங்க பாரு, அவுங்ககிட்ட போயி சொல்லு."

"யாருகிட்ட சொல்லட்டும்?"

"கை போச்சே, அந்த ஆளுகிட்ட சொன்னியா? அந்த மொதலாளிகிட்ட சொன்னியா? உம் புள்ளகிட்ட சொன்னியா?" வஞ்சிரத்தின் தலையை ஓரமாகத் தள்ளினாள். "எம் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்து ஒரு நாளு கேட்டா, யம்மா, நீ ஒரு ஆளு கைய போக்கிட்டியாமேன்னு. எந்த வாயி எந்தத் தெருவுல சொல்லி அங்க போச்சோ. நான் இல்லடின்னு சொன்னேன். நம்பினாளா இல்லியான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

மேஜைக்கடியிலிருந்து போனை எடுத்து, மீன் ஒட்டிய விரலாலேயே அழுத்தி, என்னிடம் நீட்டினாள். "திருப்பூர்ல இருக்கா. நீயே சொல்லு." அந்தச் சாலையோரத்தில், மீன் வாங்க வந்து நின்ற நாலு பேர் காதில் விழும்படி, முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் நான் செய்ததைச் சொன்னேன். நான் முடித்ததும், "சரிங்க. அம்மாட்ட குடுங்க" என்றாள். தெய்வானை போனை வாங்கிக்கொண்டு குடைக்குப் பின்னால் போனாள். முதுகைத்தான் பார்த்தேன். தோள் குலுங்கியது. உன் அப்பா என் கையைப் பிடித்து வண்டிக்குக் கூட்டிவந்துவிட்டார். அவள் என்னை மன்னித்தாளா என்று என்னைக் கேட்காதே. அவள் அப்படிச் சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை.

அந்த வாரமே சிதம்பரம் போனோம். குமரவேல் தெற்கு வீதியில் சின்னதாக ஒரு எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறார். இடது கையால் பில் எழுதுகிறார். வலது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார், பழக்கம் போலிருக்கிறது. நான் யார் என்று சொல்லி, அந்தத் தகட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் முதலில், "இல்லம்மா, தப்பு என்னுதுதான். பியூஸ் கட்டைய உருவி பாக்கெட்டுல போட்டுக்கிட்டு ஏறியிருக்கணும். தொழில் தெரிஞ்சவன் செய்ற வேலையா அது? அதுக்கப்புறம் நான் கம்பியத் தொடறதே இல்ல, ஊர்ல எவனும் கூப்பிடறதும் இல்ல" என்று ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோல ஆரம்பித்தார். நான் தலையை ஆட்டிவிட்டு, தெரிந்தே அனுப்பினேன் என்று மறுபடி சொன்னேன். துணியில் சாயம் இறங்கியதைப் பார்த்த பிறகும் அனுப்பினேன் என்றேன். அவர் முகம் மாறியது.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"பதினோரு வருசமா நான் என்னையேதான் திட்டிக்கிட்டு கெடந்தேன். இத அப்பவே வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பாதியாவது எறங்கியிருக்கும்." சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பில் புத்தகத்தை மூடித் தள்ளி வைத்தார். பிறகு திரும்பி, நான் நினைத்தே பார்க்காத ஒன்றைக் கேட்டார். "மொத்தம் எத்தன தகடும்மா செஞ்சீங்க?"

அறுபது என்றேன்.

"பத்து மாத்துனதா அப்ப சொன்னாங்க. மீதி ஐம்பது எங்க?"

பென்னி, இத்தனை வருடமும் நான் நடந்து முடிந்த ஒரு குற்றத்தைச் சுமப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டபோதுதான் உறைத்தது, அது முடியவே இல்லை. ஏதோ ஒரு மில்லின் பின்கட்டில், ஏதோ ஒரு மண்டபத்தின் சுவரில், எழுத்தே இல்லாத ஒரு தகட்டுக்கு முன்னால் யாரோ ஒருவர் தினமும் கையை வைத்துக்கொண்டிருக்கிறார். இதற்கு நடுவில் வேறு யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அதை இனி நான் சாகிறவரை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

குமரவேல் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எந்தெந்த மண்டபத்தில் வரதராஜனின் ஜெனரேட்டர் இருக்கிறது என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் ஒரு தாளில் இடது கையால் எழுதித் தந்தார். அங்கிருந்து நேராக வரதராஜனிடம் போனோம். அவர் கோபப்பட்டது நியாயம். "என் பேரு இருக்கற தகடும்மா அது. என் லோகோம்மா. பத்துன்னு நீங்க சொன்னீங்க, நான் நம்பி மத்தத அப்படியே விட்டேன்" என்றார். இனிமேல் வேலை கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். ஆனாலும் உள்ளே போய்ப் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து வந்து, எங்கெங்கே மாட்டினார்கள் என்று ஒவ்வொன்றாக வாசித்தார், உன் அப்பா எழுதிக்கொண்டார். நீ எடுத்து நடத்தப்போகிற பட்டறைக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர் அன்றோடு போய்விட்டார். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் நான் செய்த காரியம் இது. உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம்தான். தெரிந்த பிறகு வேண்டாம் என்று சொல்ல உனக்கு இடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கல்யாணத்துக்கு முன்னாலேயே எழுதுகிறேன்.

இந்த மூன்று வாரமும் அம்மாவும் அப்பாவும் பத்திரிகை வைக்கச் சிதம்பரம் போகிறோம் என்று உன்னிடம் போனில் சொன்னது பாதிதான் உண்மை. புதிதாக ஐம்பது தகடு செய்தேன். பிரஸ்ஸைப் பக்கத்துப் பட்டறைப் பெண் இழுத்துக் கொடுத்தாள். கொதிக்கிற தொட்டியில் அரைமணிக்கு மேலேயே வைத்து, ஒவ்வொன்றையும் ஈரத் துணியால் நானே தேய்த்துப் பார்த்தேன். சிதம்பரத்தில் இறங்கியதும் குமரவேலும் எங்களோடு வருகிறார். கரண்டை நிறுத்தி, வேறு யாரும் மறுபடி போட்டுவிடாதபடி பியூஸ் கட்டையை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் சுவிட்சின் பக்கம் எங்களை விடுவார். உயரத்தில் இருந்தால் ஏணி வைத்து ஏறித் திருகாணியைக் கழற்றுவது உன் அப்பா. தாலுகா ஆபீசில் முப்பது வருடம் பேனா பிடித்த கை, ஸ்க்ரூ டிரைவர் இரண்டு நாளில் பழகிவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் பழைய தகட்டின்மேல் யாரோ காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள், பிள்ளைகள் அதன் கீழே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சில இடங்களில் கூரைக்குள் இருந்ததால் வண்ணம் இன்னும் லேசாகத் தெரிந்தது. சில இடங்களில் ஜெனரேட்டரே மாறிவிட்டது. ஒரு மண்டபத்தை இடித்தேவிட்டார்கள், அங்கே வெறும் மனைதான் கிடக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் உரிமையாளரிடம் ஏன் மாற்றுகிறோம் என்று நான்தான் சொல்கிறேன். சிலர் திட்டுகிறார்கள். சிலர் டீ வாங்கித் தருகிறார்கள். டீ குடிப்பது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

உனக்குப் பெரிய புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் கையால் தெரிந்துகொண்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். உன் காலத்திலும் ஹீட்டர் எரிந்துபோகும். பெரிய வேலை கையில் இருக்கும்போதுதான் எரியும். அன்றைக்குப் போனை எடுத்து, நாலு நாள் ஆகும் என்று சொல்லிவிடு. அந்தப் பக்கம் கோபப்படுவார்கள், வேலை கைவிட்டும் போகலாம். அந்தப் போன் இரண்டு நிமிடம்தான். தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள், அது யாராக இருந்தாலும், இது நிற்காது என்று சொன்னால் உன் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கேள். ஸ்டெல்லாவிடமும் எதையும் பத்து என்று குறைத்துச் சொல்லாதே. உன் அப்பாவிடம் நான் குறைத்துச் சொல்லி வாழ்ந்த வருடங்களில், ஒரே வீட்டில் இருந்தும் நான் தனியாகத்தான் இருந்திருக்கிறேன் என்று இப்போது அவர் பக்கத்தில் சுவரோரம் நிற்கும்போதுதான் தெரிகிறது.

நேற்று வரை முப்பத்துநான்கு இடம் முடிந்தது. பதினாறு பாக்கி. அவற்றில் ஐந்துக்கு விலாசம் இருக்கிறது, காட்டுமன்னார்கோவில் பக்கம் போக வேண்டும். மீதிப் பதினொன்று எங்கே என்று வரதராஜனின் பதிவேட்டிலும் இல்லை, குமரவேலுக்கும் தெரியவில்லை. விற்று, கைமாறி, எந்தச் சுவருக்குப் போய்விட்டனவோ. கல்யாணத்துக்குள் முடியாது. என் வயதுக்குள் முடியுமா என்றும் தெரியவில்லை. பட்டறை வேண்டாம், ஓசூரிலேயே இருக்கிறேன் என்று நீ சொன்னால் எனக்கு வருத்தம் இல்லை, அப்பாவும் நானும் முடிந்தவரை தேடுவோம். வேண்டும் என்றால், தொட்டிகள், பிரஸ், பெயர்ப்பலகை எல்லாவற்றோடும் அந்தப் பதினாறையும் சேர்த்துத்தான் நீ வாங்கிக்கொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் போகிறோம். அப்பாவுக்கு ஏணி பிடிக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது.

அம்மா